கடலில் நாற்பத்தொரு வீடுகள்

"நாற்பத்தொரு வீடு கடல்ல கிடக்கு சார். அதுங்களைக் கரையேத்தாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மாநகராட்சி வரைபடப் பிரிவு மேடம் இப்படிச் சொன்னபோது காலை மணி பதினொன்று. அன்று மாலை ஐந்துக்குள் நகரத்தின் மொத்த வரைபடத்தையும் கிளவுடுக்கு, அதாவது இணையத்துச் சேமிப்புக்கு, ஏற்றியாக வேண்டும். அதற்காகவே கம்பெனி அனுப்பிவைத்த இன்ஜினியருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆபீசில் தனக்கு 'மேகம் சார்' என்று பட்டப்பெயர் இருப்பது அவனுக்குத் தெரியும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். ஒரு வாரமாக இந்த மேடம் பாடும் ஒரே பல்லவியைத்தான் தாங்க முடியவில்லை.

கடல் விவகாரம் அந்த ஆபீசுக்கே உரிய கெட்ட பழக்கம். புது வீட்டைப் பதியும்போது இடம் சரியாகத் தெரியாவிட்டால், அட்சரேகை பூஜ்யம், தீர்க்கரேகை பூஜ்யம் என்று தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். உலகப் படத்தில் அந்த இரண்டு பூஜ்யமும் சந்திக்கும் இடம் நடுக்கடல். "இடம் தெரியலையா? கடல்ல போடு" என்பது அங்கே சர்வசாதாரணப் பேச்சு. அப்படிப் போட்டுப் போட்டு அங்கே ஒரு காலனியே மிதந்துகொண்டிருந்தது.

"மூணு லட்சம் வீட்டுல வெறும் நாப்பத்தொண்ணு மேடம். ஏத்தினப்புறம் நிதானமாத் திருத்திக்கலாமே?"

"ஏத்தினா மூணு மாசத்துக்கு யாரும் கை வைக்கக் கூடாதுன்னு சர்க்குலர் விட்டது யாரு? நீங்கதானே? அஞ்சு மணியிலேர்ந்து ஆம்புலன்ஸ், ஃபயர் சர்வீஸ் எல்லாம் இந்த மேப்பைப் பாத்துத்தான் ஓடப் போகுது. மூணு மாசம் அந்த வீட்டுக்காரங்க யாருக்கும் நெஞ்சுவலி வரக் கூடாதுன்னு அதுக்கும் ஒரு சர்க்குலர் விடுவீங்களா?"

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அவன் கவலை அவனுக்கு. இந்த வேலைக்காகவே ஊர் மாறி, ஒரு சந்துக்குள் வாடகை வீடு பிடித்து இரண்டு மாதம் ஆகிறது. வீட்டில் மனைவி நிறைமாதம். துணைக்கு ஆள் இல்லை. மாமியார் நாளை மறுநாள்தான் வருகிறார். இன்று ஏற்றி முடித்தால் நாளை முதல் லீவு. தவறினால் அடுத்த தேதி இரண்டு வாரம் கழித்து, லீவும் போச்சு.

"என் நிலைமை தெரிஞ்சுமா மேடம் இப்படிப் படுத்தறீங்க?"

"தெரிஞ்சுதான் சார் சொல்றேன். வாதாடற நேரத்துல ரெண்டு வீட்டை முடிச்சிருக்கலாம். உக்காருங்க."

பட்டியலில் தெருவும் இல்லை, கதவு எண்ணும் இல்லை. லேஅவுட் போட்ட காலத்து மனை எண் மட்டும் இருந்தது. அதை வைத்துப் பழைய கோப்பைத் தேடி, கோப்பிலிருந்து வீட்டு உரிமையாளரின் போன் நம்பரைப் பிடித்து, அவரிடம் அடையாளம் கேட்டு, செயற்கைக்கோள் படத்தில் கூரையைக் கண்டுபிடித்துப் புள்ளி வைக்க வேண்டும். மேடம் பட்டியலை இரண்டாகக் கிழித்தார். "மேல இருபது உங்களுக்கு. கீழ இருபத்தொண்ணு எனக்கு."

அவன் வேண்டாவெறுப்பாக முதல் நம்பரைப் போட்டான்.

"ஐயா, மேலேர்ந்து எடுத்த படத்துல உங்க வீட்டைத் தேடறேன். பக்கத்துல என்ன இருக்கு?"

"பக்கத்து வீடு இருக்கு."

"அது சரிங்க. வேற ஏதாவது அடையாளம்?"

"எங்க நாய் எந்நேரமும் மொட்டை மாடியிலதான் படுத்திருக்கும். மேலேர்ந்து பாக்கறீங்கல்ல, தெரியணுமே!"

வெட்கத்தைவிட்டு அவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். நாயைக் காணோம். ஆனால் மஞ்சள் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்ததைச் சொன்னான். "அதேதான், அதேதான்!" என்று அந்தப் பக்கத்தில் குதித்தார் மனிதர். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஒன்பதாவது வீட்டு அம்மாள், "எங்க வீட்டுக்கு ஒரு பார்சல்கூட ஒழுங்கா வந்ததில்ல தம்பி. இனிமே வருமா?" என்று கேட்டார்.

"வரும்மா. கண்டிப்பா வரும்."

சொல்லும்போதே மனசு லேசானது. அதுவரை வெறும் புள்ளிகளாகத் தெரிந்தவற்றுக்குள் மனிதர்கள் இருந்தார்கள். சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் அடுத்தடுத்து நம்பரைப் போட்டான். நாலரை மணிக்கு அவன் பங்கு முடிந்தது. நாலே முக்காலுக்கு மேடமும் முடித்து, தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். கடல் காலியாக இருந்தது. அவன் பொத்தானை அழுத்தினான். சரியாக ஐந்து மணிக்கு, நகரம் முழுசாக மேலே போய்ச் சேர்ந்தது.

ஐந்தரைக்குப் பையை மூடிக்கொண்டிருந்தபோது மனைவியின் போன்.

"என்னங்க, பதறாதீங்க. வலி எடுத்துடுச்சு. ஆம்புலன்ஸ்ல போயிட்டிருக்கேன். நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

"ஆம்புலன்ஸா? அதுக்குள்ளயா? அந்தச் சந்துக்கு வழி எப்படிச் சொன்னே?"

"நான் எங்க சொன்னேன்? தெருப் பேரையும் கதவு எண்ணையும் மட்டும்தான் சொன்னேன். ஏழே நிமிஷத்துல வாசல்ல வந்து நின்னுட்டாங்க. நர்ஸம்மா கூடவே இருக்காங்க. பயப்பட ஒண்ணுமில்லையாம்."

ஹெல்மெட்டை எடுத்தவன் மேடத்தைப் பார்த்தான். அவர் கையில் அந்தக் கிழிந்த பாதிப் பட்டியல் இருந்தது. கடைசி மனை எண்ணுக்கு எதிரே பேனாவால் எழுதியிருந்த தெருவும் கதவு எண்ணும் அவன் வீட்டினுடையவை.

"மேடம்... எங்க வீடும் கடல்லயா கிடந்துச்சு?"

"போன வாரம் உங்க ஆபீஸ் பாஸைப் புதுப்பிக்கும்போது அதுல இருந்த விலாசத்தை மேப்புல தேடினேன், காணோம். கோப்புல மனை எண்ணை எடுத்துப் பாத்தா, இந்தப் பட்டியல்ல இருந்துச்சு."

"அன்னைக்கே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா, அந்த ஒண்ணை மட்டும் கரையேத்திட்டு, மத்த நாப்பதையும் கடல்லயே விட்டிருப்பீங்களே சார்!"