தப்பாத குறி

மார்ச் முதல் ஞாயிறன்று தச்சர் தன் வீட்டுப் பின்முற்றத்தில் துளையிட்ட பலகையைச் சாய்த்து நிறுத்தி, துளைக்கு அடியில் தகர டப்பா வைத்தார். பயறு நிரப்பிய பைகளை மனைவி தைத்துக் கொடுத்தாள்.

“கண்ணு மங்குதுன்னா டாக்டர்கிட்ட போகணும், மச்சான். விளையாட்டு எதுக்கு?” என்றான் மைத்துனன்.

“பை துளையில சரியா விழுந்துட்டிருக்கிற வரைக்கும் எந்த டாக்டரும் வேணாம்டா.”

தினமும் மாலையில் அவர் தூரத்தில் நின்று பைகளைத் துளைக்குக் குறிபார்த்து எறிந்தார். பலகையருகே நின்று மனைவி பைகளைப் பொறுக்கினாள். டப்பா ஒலிக்கும்போதெல்லாம் அவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

“பார்த்தியா? நீ போட்டா பக்கத்து வீட்டுலதான் விழும்!”

அக்டோபரில் அவர் அந்தப் பலகை மேலேயே முட்டி விழுந்தார்.

“மங்க ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா பார்வையைக் காப்பாத்தியிருக்கலாம்” என்றார் கண் டாக்டர்.

“நேத்துகூட எல்லாம் உள்ள விழுந்துச்சே, டாக்டர்!”

மனைவி உடைந்து அழுதாள். “விழலைங்க. ஆரம்பிச்ச அன்னைக்குக் குறி தப்பினதுக்கே நீங்க சாப்பிடல. அதுக்கப்புறம் நான்தான் கையால எடுத்து டப்பாவுல போட்டேன்.”

பார்வை திரும்பவில்லை.