பதினேழாவது ஸ்கிரிப்ட்

நண்பகல் வெயில் கண்ணாடிச் சன்னலோடு நின்றுவிடுகிறது. உள்ளே இருநூறு சர்வர்கள் குளிரில் முணுமுணுக்கின்றன; மேய்க்க அவன் ஒரே ஆள். பக்கத்து நாற்காலி நேற்றிலிருந்து காலி. அதில் இருந்த ஜூனியர் பெண் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். "அந்தப் பொண்ணோட அக்கவுண்ட்டை இன்னிக்கே தூக்கிடுங்க. ஒரு வரி கமாண்ட்தானே?" என்கிறார் மேனேஜர் போனில். ஒரு வரிதான். ஆனால் பேக்கப் எடுப்பது, பழைய லாக் பதிவுகளைத் துடைப்பது என்று அவள் எழுதிய ஸ்கிரிப்ட்டுகள், அந்தக் குட்டி புரோகிராம்கள், அவள் பெயரில்தான் நேரம் தவறாமல் தானாக ஓடுகின்றன. அக்கவுண்ட் போனால் அவையும் சத்தமில்லாமல் நின்றுவிடும். "அவ ஸ்கிரிப்ட்டை எல்லாம் என் பேருக்கு மாத்திட்டுத் தூக்கிடறேன் சார்." கறுப்புத் திரையில் பட்டியல் இறங்குகிறது. ஒவ்வொன்றாக மாற்றுகிறான். பதினேழாவதற்கு எந்த சர்வரோடும் சம்பந்தமில்லை. தினமும் ஒரு மணிக்கு அவன் திரையில் வந்து விழும் வரி அது: "அண்ணா, மெஷின் எல்லாம் உயிரோட இருக்கு. நீங்க போய்ச் சாப்பிடுங்க." இரண்டு வருஷமாக அவள் கையால் தட்டி அனுப்புகிறாள் என்றே நம்பியிருக்கிறான். அவள் லீவு போட்ட நாள்களிலும் அது வந்திருக்கிறது. என்ன பொறுப்பான பெண் என்றுதான் நினைத்திருக்கிறான். டெலிட் பட்டனுக்கு மேலே விரல் கொஞ்ச நேரம் நிற்கிறது. பிறகு அதையும் தன் பெயருக்கு மாற்றுகிறான். அவள் அக்கவுண்ட் ஒரு வரியில் போய்விடுகிறது. மணி ஒன்று. வரி வருகிறது. அனுப்பியவர் இடத்தில் அவன் பெயர். "சரிம்மா, நீயும் சாப்பிடு" என்று வழக்கம்போல் பதில் தட்டுகிறான். அது அவனுக்கே வந்து சேர்கிறது.