இஞ்சி சோடா

"வாயு நெஞ்சுக்கு ஏறிருச்சுங்க" என்றாள் மணிமேகலை.

கடலைச் செடி உதறிக்கொண்டிருந்த அவள் புருஷன் ஆவுடையப்பன் அப்படியே நின்றுவிட்டான்.

பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டில் வாயுதான் மூன்றாவது ஆள். அவள் விரல்களைக் கோணலாக்கியது வாயு. டம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிக் குடிக்க வைத்தது வாயு. சோறு செரிக்காமல் நெஞ்சை அடைத்தால் அதுவும் வாயுதான். ஆஸ்பத்திரியில் முடக்குவாதம் என்று பெயர் சொன்ன பிறகும் ஊர் அந்தப் பழைய பெயரை விடவில்லை.

இன்றைக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் கையிலிருந்த செடியைக் கீழே போட்டான்.

போன மாதம் ரத்தப் பரிசோதனை முடிவு வாங்கப் போனபோது, அவள் மாத்திரை வரிசையில் நின்ற நேரம் பார்த்து டாக்டரம்மா இவனைத் தனியே கூப்பிட்டார். உடம்பைக் காக்க வேண்டிய ஆன்டிபாடி அவள் உடம்பையே எதிரியாக நினைத்துத் தாக்குகிறது என்றார். வேலியே பயிரை மேய்கிற கதை. அவள் ரத்தத்தில் அது மிக அதிகம். அப்படி இருப்பவர்களுக்கு மூட்டோடு போகாது, இருதய ரத்தக்குழாயிலும் அடைப்பு வரலாம்.

"நெஞ்சு வலின்னா வாயுன்னு உக்காந்துராதீங்க. ஓடியாந்துரணும்."

"அவகிட்ட சொல்லிராதீங்கம்மா, பயந்துக்குவா" என்று கும்பிட்டுவிட்டு வந்தான். பல்லி விழுந்தாலே தெருவுக்கு ஓடுகிறவள். இதைக் கேட்டால் அந்தப் பயத்திலேயே போய்விடுவாள் என்று நம்பினான்.

இப்போது அவள் நெற்றியெல்லாம் வியர்வை. இடது தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

108-ஐக் கூப்பிடலாம். வண்டி ஊருக்குள் கூவிக்கொண்டு வந்தால் குட்டு உடைந்துவிடும். போனை எடுத்தவன் திரும்பவும் சட்டைப் பையில் போட்டான்.

"நம்மூரு சோடாவுல காரமே இல்ல புள்ள. வா, இலுப்பூருக்குப் போயி இஞ்சி சோடா குடிப்போம். ஒரே ஏப்பத்துல எறங்கிரும்."

சொல்லும்போதே குரல் பிசிறியது. நல்லவேளை, அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

"அடுப்ப அணைச்சுட்டு வாரேன்" என்று உள்ளே போனாள். கடுகு டப்பா உருளும் சத்தம் கேட்டது. உயிர் போகிற நேரத்தில் இவளுக்கு அடுப்பங்கரையா என்று பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை உதைத்தான்.

பின்னால் ஏறி உட்கார்ந்தவள், மடங்கிய விரல்களை அவன் பெல்ட்டில் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டாள்.

வழக்கமாக ஒரு பள்ளம் வந்தால் போதும், "மெதுவாப் போங்க, எலும்பு கழண்டுரும்" என்று இலுப்பூர் வரைக்கும் பாட்டுப் பாடிக்கொண்டே வருவாள். இன்றைக்குப் பள்ளத்தில் விழுந்து எழுந்தும் வாயைத் திறக்கவில்லை.

"எங்கிட்டு வலிக்குது?" என்றான்.

"ம்."

"ஏதாச்சும் பேசு புள்ள."

"ம்."

குறுக்கே ஒரு ஆட்டு மந்தை. ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். மேய்க்கிறவன் திட்டினான். எதிரில் தெரிந்த அய்யனாருக்குக் கிடா நேர்ந்துகொண்டான். மந்தை முழுவதும் கடந்து போகும்வரை பெல்ட்டில் இருந்த அந்தப் பிடி ஒன்றுதான் அவனுக்குத் தைரியம். அது தளர்ந்தால் திரும்பிப் பார்க்கத் தன்னால் முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

பிடி தளரவில்லை. ஆனால் அந்த 'ம்' நின்றுபோயிருந்தது.

இலுப்பூர் ஆஸ்பத்திரி வாசலில் அவளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிப் பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். இவனை இந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். சோடா குடிக்க ஏன் இங்கே வந்தோம் என்று அவள் கேட்கவே இல்லை. அதைக்கூட அவன் அப்போது யோசிக்கவில்லை. வந்த அவசரத்தில் செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றிருந்தது.

ஈசிஜி தாள் கரகரவென்று வரும் சத்தம் கேட்டது. அதோடு நர்ஸின் குரலும்.

"வாயில என்னம்மா வச்சிருக்கீங்க?"

"டாக்டரம்மா குடுத்த மாத்திர. நெஞ்சு வலிச்சா நாக்குக்கு அடியில வைக்கச் சொன்னாங்க. கடுகு டப்பாவுல ஒளிச்சு வச்சிருந்தேன். அதான் வழியெல்லாம் பேச முடியல." மணிமேகலை மூச்சு வாங்கினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வெளிய நிக்கிறாருல்ல, அவருகிட்ட வாயுன்னே சொல்லிருங்க. பயந்துக்குவாரு."

யாரோ வேகமாக நடந்து வந்தார்கள். தாளைக் கிழிக்கும் சத்தம். "புதுக்கோட்டைக்கு அனுப்பணும். 108-ஐ வரச் சொல்லுங்க, சீக்கிரம்."

ஆவுடையப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டான். திரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்.

"வாயுதான் புள்ள! இரு, சோடா வாங்கியாரேன்!"



"இஞ்சி தூக்கலாப் போடச் சொல்லுங்க" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அவன் அங்கேயே நின்றான்.