இறந்தோர் வரிசை

கட்சிக்காரர் இறந்துபோனாலும் அவருடைய வாக்கு இறந்துபோகக் கூடாது என்று மேலிடம் விதியைத் திருத்தியிருந்தது. அவர் மேடைகளில் பேசிய பேச்சையெல்லாம் ஊட்டி, ஒரு திரையை நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். அது அவர் குரலிலேயே பேசும், வாக்களிக்கும்.

ஒன்றியச் செயலாளரைத் தொண்டர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பவுனம்மாள் கொண்டுவந்த தீர்மானத்துக்கு இன்னும் ஒரே ஒரு வாக்குத்தான் தேவைப்பட்டது. மிச்சமிருந்தது அவள் கணவன் அடைக்கலத்தின் திரை. அவளுக்குத் தெம்பு வந்தது. தீர்மானமே அவன் சொன்னதுதான். சாப்பிட உட்கார்ந்தால் அதைத்தான் பேசுவான்.

திரை கனைத்தது. அதே கனைப்பு.

"எங்கள் வழிகாட்டி, வாழும் வரலாறு, தலைவர் அவர்கள் கைகாட்டுபவரே எங்கள் செயலாளர்! தீர்மானத்தை எதிர்க்கிறேன்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. பவுனம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் பேசுவதை மேடையிலும் பேசுங்களேன் என்று எத்தனையோ தடவை அவனிடம் சொல்லியிருக்கிறாள்.

"மொதல்ல தலைவரைப் புகழ்ந்தாத்தான்டி மைக்கு கையில நிக்கும். மத்ததை அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்" என்பான்.

"தோத்துப்போச்சேம்மா! சரி, நீங்களும் ரெண்டு வார்த்தை பேசிருங்க" என்று செயலாளர் சிரித்தபடி மைக்கை நீட்டினார்.

அவள் கொதித்துப்போய் எழுந்தாள்.

"எங்கள் வழிகாட்டி, வாழும் வரலாறு..." என்று வாய் தானாகத் தொடங்கியது.

எதிரே பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்தது. அடைக்கலத்தின் திரைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது.