மீசை கொட்டும் மருந்து

"ஆம்பளைங்க யாரும் இதத் தொடக்கூடாது. வாயில பட்டுச்சுன்னா ஒரே வாரத்துல மீசை கொட்டிடும்!"

கம்பவுண்டர் மைக்கேல்சாமி இப்படிச் சொன்னதும், சந்தனசாமியின் கை தானாக மீசைக்குப் போனது. பக்கத்தில் அவன் மனைவி வேளாங்கண்ணி, ஐந்து மாத வயிற்றோடு, கண்ணெல்லாம் குழி விழுந்து நின்றாள்.

"இவளுக்கு மட்டுந்தான். தெனம் காலையில வெல்லம் போட்டுக் கூழாக் காய்ச்சிக் குடிக்கணும். பிரசவம் வரைக்கும் விடக்கூடாது."

இருவரும் பொட்டலங்களைப் பத்திரமாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

புதிதாக வந்திருந்த நர்ஸ் செங்கமலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொட்டலத்தில் இருப்பது என்னவென்று அவளுக்குத் தெரியாதா? ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுக்கச் சொல்லி ஆவூர் ஆஸ்பத்திரிக்கு லாரியில் வந்து இறங்கிய சோயா மாவு!

"என்ன சார் இது? சும்மா கொடுக்கிற மாவுக்கு மேல செவப்பு மையில மருந்துன்னு எழுதி... படிக்காத சனங்கன்னா எதையும் சொல்லலாமா?"

"பிரசவம் வரைக்கும் வாயத் தொறக்காதம்மா. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

"அப்புறம் அந்தப் பொண்ணோட மாமியார்கிட்ட நானே சொல்லத்தான் போறேன்."

"தாராளமாச் சொல்லு" என்று சிரித்தார் அவர். அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

மாசி மாதம் வேளாங்கண்ணிக்குப் பிரசவம். ஆறரை பவுண்டில் பெண் குழந்தை, கூரை அதிர அழுதது. அதுவரை கையைப் பிசைந்துகொண்டிருந்த செங்கமலத்துக்கு அப்பாடா என்றிருந்தது. கண்கூடக் கலங்கிவிட்டது.

ஆனாலும் பழைய கோபம் போகவில்லை. மாமியார் ஜெபமாலையம்மாளைத் தனியே கூப்பிட்டாள்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. கம்பவுண்டர் கொடுத்தது மருந்தே இல்ல. வெறும் சோயா மாவு. ஒங்கள நல்லா ஏமாத்திட்டாரு."

"அய்யோ, மெதுவாப் பேசு தாயி!"

ஜெபமாலையம்மாள் பதறிப்போய் வாசலைப் பார்த்தாள். அங்கே அவள் புருஷனும் நான்கு மகன்களும் நின்றிருந்தார்கள்.

"போன வருசமும் இதே மாவுதான் குடுத்தாக. கூழாக் காய்ச்சி எறக்கினேன். எங்க வீட்ல ஆம்பளைங்க உண்டு முடிச்சாத்தான் பொம்பளைங்க. அஞ்சு பேரும் பானையச் சொரண்டிட்டுப் போயிட்டாக. மாசமா இருந்த இவளுக்குப் பானை கழுவின தண்ணிதான். வயித்துல இருந்தது ஆறாம் மாசமே போயிருச்சு."

அவள் குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"கூழுன்னா பங்குக்கு வருவாக. மருந்துன்னா வருவாகளா?"

செங்கமலம் வாசலில் நின்ற ஐந்து மீசைகளையும் திரும்பிப் பார்த்தாள்.

"மருந்துன்னு எழுதிக் குடுங்கய்யான்னு கம்பவுண்டர் கையப் பிடிச்சுக் கேட்டது நாந்தான் தாயி" என்ற ஜெபமாலையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "மீசை மட்டும் அவரு கைச்சரக்கு!"