ஆங்கிலத் தேதி

பெயர்ப்பலகை இல்லை.

அவர் அந்தத் தெருவை மூன்றாம் முறையாகக் கடந்தார். ஆடிக் காற்று கண்ணில் மண்ணை வாரி இறைத்தது. நெற்றித் திருநீற்றை மட்டும் அது தொடவில்லை.

தேநீர்க் கடையில் கேட்டார். குடியை விட்டவர்கள் கூடும் இடம் எது?

கடைக்காரன் முதலில் அவர் நெற்றியைப் பார்த்தான்.

"பட்டையப் பாத்தா குடிக்கிற ஆளுன்னு சொல்ல முடியாது, அண்ணாச்சி. சர்ச்சுக்குப் பின்னால போங்க. அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சிருவாங்க."

பெஞ்சில் இருந்த நால்வரும் சிரித்தார்கள்.

அறுபத்திரண்டு ஆண்டுகளில் மதுவின் நெடிக்கு மூக்கைக் காட்டாதவர் அவர். சிரிப்பை விழுங்கிக்கொண்டு நடந்தார். விழுங்கவேண்டிய காரணம் சட்டைப்பையில் மடிந்திருந்தது.

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் வாசித்த காகிதத்தின் நகல். வேன் ஓட்டிய எசக்கிமுத்து இப்போது குடிப்பதில்லையாம். வாரந்தோறும் இந்தக் கூட்டத்துக்கு வருகிறானாம். ஆகவே கருணை வேண்டுமாம்.

பொய்யை அதன் வீட்டிலேயே பிடிக்க வந்திருந்தார். பிடித்து, நாலு பேர் நடுவில் நிறுத்தி, ஓராண்டாகச் சேர்த்த சொற்களை அவன்மேல் எறிய.

அத்தனையும் கொடுஞ்சொற்கள். காலையில் பதிகம் ஓதும்போது நா நடுவில் நின்றுவிடும். இறைவன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வசை வந்து அமரும். அந்த வேன் இருபத்துநான்கு வயது மகன் சேந்தனை மட்டுமா கொன்றது?

நாளும் தேர்ந்துதான் வந்தார்.

மகனின் திதி பதினொரு நாள் முன்பே வந்து போயிற்று. மகன் தந்தைக்குச் செய்யவேண்டியதைத் தந்தை மகனுக்குச் செய்தார். எள்ளும் நீரும் இறைத்தார். உறவினர் உண்டு, கைகழுவி, ஊர் திரும்பினர்.

ஆனால் வேன் வந்தது ஆகஸ்ட் பன்னிரண்டு, காலைப் பத்தரை மணிக்கு. இன்று அந்தத் தேதி. காலையில் மனைவியிடம் சொன்னார்.

"அதான் திதி குடுத்தாச்சுல்லா," என்றாள், திரும்பாமலே.

சர்ச்சுக்குப் பின்னால் இருந்த அறையின் வாசலில் மெலிந்த ஒருவர் எதிர்கொண்டார்.

"வாங்க அண்ணாச்சி. மொதத் தடவையா?"

"நான் குடிக்கிறவன் இல்ல."

"மொத நாளு நானும் அதத்தான் சொன்னேன். வாங்க."

கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். உதறுவதற்குள் நாற்காலி வந்துவிட்டது.

வட்டமாகப் பதினைந்து பேர். ஒவ்வொருவராக எழுந்தார்கள். அழைத்துவந்த மெலிந்தவரும் எழுந்தார்.

"என் பேரு ஞானதுரை. நான் ஒரு குடிநோயாளி."

"வணக்கம் ஞானதுரை," என்றது வட்டம் ஒரே குரலில்.

அவருக்கு உடல் கூசியது. அடியார் கூட்டம் திருப்பெயரை ஏற்பதுபோலக் குடிகாரன் பெயரை ஏற்கிறார்கள்.

பிறகுதான் மேசையைப் பார்த்தார். சின்னதாக ஒரு கேக். ஒற்றை மெழுகுவத்தி. பின்னால் கரும்பலகையில் எழுதியிருந்தது:

முதல் பிறந்தநாள். ஆகஸ்ட் 12.

மேசையருகே எசக்கிமுத்து நின்றான்.

காதுகள் எரிந்தன. பிறந்தநாளா? இன்றா?

"குடிய விட்ட நாளத்தான் நாங்க பொறந்தநாள்னு சொல்லுவோம்," என்று ஞானதுரை அவர் காதில் சொன்னார்.

எசக்கிமுத்து கேக்கைப் பார்த்தபடியே பேசினான்.

"போன வருசம் இதே நாள் காலையில குடிச்சதுதான் கடைசி. பத்தரை மணிக்கு... ஒரு பையன்..."

கேக்கைத் தள்ளி வைத்தான்.

"கேக்கு வேண்டாம்னுதான் சொன்னேன். இது பொறந்தநாள் இல்ல."

உறவில் எவரும் நினைக்காத தேதி. வீட்டில் எவரும் கேட்க விரும்பாத தேதி. மணி உட்பட அதைக் காத்துவைத்திருந்தவன் இவன்.

அந்த அறிவு எல்லா வசையையும்விடக் கசந்தது. அவர் எழுந்தார்.

எழுந்ததை ஞானதுரை வேறாகப் புரிந்துகொண்டார். பித்தளையில் வார்த்த ஒரு வட்டக் காசை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"ஒரு வருசம் குடிக்காம இருந்ததுக்கு இந்தக் காசு. புதுசா வந்தவங்க கையால குடுக்கிறதுதான் இங்க வழக்கம். பேர மட்டும் சொல்லிட்டுக் குடுங்க, அண்ணாச்சி."

எசக்கிமுத்து அப்போதுதான் நிமிர்ந்தான்.

நீதிமன்றத்தில் எட்டு வாய்தாக்களிலும் எதிரே அமர்ந்திருந்த முகம். அறிந்துகொண்டான். முகத்தில் இரத்தம் வற்றியது. கதவு திறந்துதான் இருந்தது. அவன் ஓடவில்லை.

கையை நீட்டினான்.

சேர்த்த சொற்கள் யாவும் அவர் நாவின் நுனிக்கு ஏறி வந்தன. ஓராண்டு தீட்டிய சொற்கள். எதுவும் போதுமானதாக இல்லை.

ஒன்று மட்டும் மிஞ்சியது.

"சேந்தன்," என்றார்.

பதினான்கு குரல்கள் ஒன்றாக எழுந்தன.

"வணக்கம் சேந்தன்."

ஒருவன் மட்டும் வாய் திறக்கவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை.

காசு இன்னும் அவரிடம்தான் இருந்தது.