சிவந்த திரை

தூத்துக்குடி உப்பளத்து வாசலில் பதித்திருந்த கண்ணாடித் தரையில் வெறுங்காலோடு ஏறி நின்றால் போதும். உள்ளங்கால் மச்சம் புற்றா இல்லையா என்று பக்கத்து மேசையிலிருக்கும் திரையில் காட்டிவிடும். உப்பு வாரும் தவசிமுத்து ஏறி நின்றபோதும் புற்று என்று காட்டியது. உப்பு வாரும் பருவத்தில் ஆள் குறைந்துவிடும் என்று மேனேஜர் குலசேகரன் அதை அவனிடம் சொல்லாமல் எட்டு மாதம் மறைத்துவிட்டார். தவசிமுத்து இறந்தபின் உண்மை தெரிந்து அவன் மனைவி ஞானசெல்வி அவர்மேல் வழக்குப் போட்டாள். கண்ணாடித் தரையைக் கவனிக்கும் வேலையையும் உப்பள முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஒருநாள் காலையில் குலசேகரன் ஏறி நின்றபோது அவள் முன்னிருந்த திரை சிவந்தது. ஆரம்பக்கட்டப் புற்று. அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அவள் விரல் அழிக்கும் பொத்தான்வரை போய் நின்றது.

"சார், கால்ல புற்று இருக்கு. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவணும். நானும் வாரேன்."

அவர் வெளிறிப்போனார். "நீ எதுக்கும்மா என்னையக் காப்பாத்துத?"

"நீங்க செத்துட்டா கேஸும் முடிஞ்சிரும் சார்."

சரியான நேரத்தில் அறுவை சிகிச்சை நடந்ததால் அவர் பிழைத்தார். வழக்கு விசாரணைக்கு வந்த அன்று, கட்டுப்போட்ட காலோடு கூண்டில் நிற்க முடியாமல் நீதிபதியிடம் நாற்காலி கேட்டார். ஞானசெல்வியே ஒன்றைத் தூக்கிவந்து போட்டாள். அவர் நன்றாக உட்காரும்வரை காத்திருந்துவிட்டு, சாட்சி சொல்லத் தொடங்கினாள்.